ஜிஹாதை ஆராய வருபவருக்கு வேண்டிய கல்வி

சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் ஓர் இளைஞரோ யுவதியோ, தாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஜிஹாதும் சர்வதேச உறவுகளும் என்று சொன்ன மாத்திரத்தில், கேட்பவர் பம்பாயின் மாதுங்காவில் இருந்தாலும் செம்பூரில் இருந்தாலும் அவர் முகம் சற்று மாறிவிடுகிறது. சொன்னவர் முஸ்லிமாக இருந்தால், இவர் யாரைச் சேர்ந்தவரோ என்ற சந்தேகம் எழுகிறது. இந்துவாக இருந்தால், இவர் யாரைக் குற்றம் சாட்டுவதற்கு இதை எடுத்தாரோ என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. அவர் எந்தெந்தப் பாஷைகளைக் கற்றார், எந்தக் கிரந்தத்தை யாரிடம் பாடம் கேட்டார், எந்தச் சுவடியைத் தம் கண்ணால் பார்த்துப் படித்தார் என்று விசாரிப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை. ஆராய்ச்சியாளரின் மதத்தைத் தெரிந்துகொள்ள இவ்வளவு ஆவல் காட்டும் நாம், அவருடைய படிப்பைத் தெரிந்துகொள்ள ஆவல் காட்டுவதில்லை என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. ஏனெனில், இந்த விஷயத்தில் ஒருவர் எழுதுவதை நம்பலாமா, கூடாதா என்பதை நிர்ணயிப்பது அவருடைய கல்விப் பின்புலம் ஒன்றே. அப்பேர்ப்பட்ட கல்வியை ஒரு காலத்தில் இந்தப் பம்பாய் நகரமே அளித்துவந்தது என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அசஃப் அலி அஸ்கர் ஃபைஸி என்ற பெயரை இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் மாத்திரமே அறிவார்கள்; அவர்களும் 1949-இல் வெளிவந்த அவருடைய முகம்மதியச் சட்டப் பாடப்புத்தகத்தின் வாயிலாகவே அறிவார்கள். பம்பாய்க்கு அருகிலுள்ள மாத்தேரான் மலையில் 1899-இல் பிறந்து, இந்நகரின் செயின்ட் சேவியர் கல்லூரியிலும் பின்பு கேம்பிரிட்ஜிலும் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பி, 1938 முதல் 1947 வரை அரசாங்கச் சட்டக் கல்லூரியின் பிரின்ஸிபாலாக இருந்தவர் அவர். சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த அவருக்கு, தம் சமூகத்துப் பெரியோர்கள் பெட்டிகளில் பூட்டிவைத்துப் பரம்பரையாகக் காத்துவந்த அரபு ஏடுகளின்மீது இளமையிலேயே பற்று ஏற்பட்டது. பாத்திமி கலீபாக்கள் எகிப்தை வெல்வதற்குமுன் வட ஆப்பிரிக்காவில் ஆண்ட காலத்தில், காழி நுஃமான் என்ற நீதிபதி இயற்றிய ‘தஆயிமுல் இஸ்லாம்’ என்னும் சட்ட நூல் அவற்றுள் தலையாயது. அந்நீதிபதி கெய்ரோவில் 974-இல் காலமானார். அந்த ராஜ்யமும் 1171-இல் மறைந்தது. நூலோ எகிப்திலிருந்து யேமனுக்கும் யேமனிலிருந்து குஜராத்துக்கும் போய், அங்கிருந்து பம்பாய் வியாபாரிகளின் வீடுகளுக்கு வந்து சேர்ந்து, கையால் எழுதி எழுதியே உயிர் தரித்திருந்தது.

சுதந்திர இந்தியா தன் ஸ்தானாபதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அந்த ஆரம்ப வருஷங்களில், 1949-இல் ஃபைஸியை எகிப்துக்கு அனுப்பியது. 1951 வரை அவர் கெய்ரோவில் இருந்தார். பகலில் ராஜதந்திரக் கடமைகளைக் கவனித்த அதே மனிதர், பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து, அந்த நூலின் முதற் பாகத்தை 1951-இல் அந்நகரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். இரண்டாம் பாகம் 1960-இல் வந்தது. ஏறத்தாழ ஓராயிரம் வருஷங்களுக்கு முன்பு அதன் ஆசிரியர் எந்த ஊரில் காலமானாரோ அந்த ஊருக்கே, பம்பாய்க்காரர் ஒருவரின் கைவழியாக அந்நூல் திரும்பிச் சேர்ந்தது. அந்த முதற் பாகத்தின் இறுதி அத்தியாயம் எதைப் பற்றியது என்றால், ஜிஹாதைப் பற்றியது. போரில் யாரைக் கொல்லலாகாது, சத்துருவுக்கு அபயம் அளிப்பது எப்படி, உடன்படிக்கை செய்தபின் அதை எவ்வாறு காக்க வேண்டும், வென்ற பொருளைப் பங்கிடும் முறை என்ன என்பவற்றோடு, ஓர் ஆளுநர் தம் குடிகளிடத்தில் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்ற நீண்டதோர் உபதேசப் பத்திரமும் அந்த அத்தியாயத்தில் இருக்கிறது. யுத்தமும் சமாதானமும், ராஜ்யங்களுக்கிடையே உள்ள உறவும், குடிமக்களை ஆளும் முறையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்துப் பேசப்பட்டன என்பதை, அந்நூலைக் கையில் எடுத்துப் படித்தவர் அறிவார்; பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து ஜிஹாதைக் கற்றவர் அறியமாட்டார்.

இதில் நான் வியந்து நிற்பது ஃபைஸியின் பாண்டித்தியத்தை மாத்திரமன்று. 1933-இல் பம்பாயில் இஸ்லாமிய ஆராய்ச்சிச் சங்கத்தை நிறுவியவர்களுள் முன்னின்றவர் அவர். தாம் சேகரித்த இஸ்மாயிலிக் கையெழுத்துப் பிரதிகளைப் பம்பாய் சர்வகலாசாலைக்கே நன்கொடையாகக் கொடுத்தவரும் அவர். அப்பிரதிகளுக்கு விவரணப் பட்டியல் ஒன்றைச் சர்வகலாசாலை 1965-இல் வெளியிட்டது. தம் வகுப்பினரின் பெட்டிகளில் மறைந்து கிடந்த நூல்களை, எந்த மதத்து மாணாக்கனும் கேட்டு வாங்கிப் படிக்கும்படி பொதுச் சொத்தாக்கியது சாமானிய காரியம் அன்று. ரகசியமாகக் காக்கப்பட்ட ஏடுகளைப் பொதுவில் வைப்பதை அவர் தம் மதத்துக்குச் செய்யும் அபசாரமாகக் கருதவில்லை. அறிவுக்குச் செய்யும் கடமையாகவே கருதினார்.

அதே தலைமுறையில், நம் தமிழ்நாட்டில் இன்னொருவர் இருந்தார். சென்னை சர்வகலாசாலையின் அரபு, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் எஸ். முகம்மது ஹுசைன் நயினார் அவர்களைத் தமிழுலகம் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டது! அரபுப் பூகோள சாஸ்திரிகள் தென்னிந்தியாவைப் பற்றி என்ன அறிந்திருந்தார்கள் என்பதை ஆராய்ந்து அவர் எழுதிய நூலும், ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1942-இல் அச்சர்வகலாசாலையின் வெளியீடுகளாக வந்தன. அதற்குமுன் சீதக்காதி நொண்டி நாடகத்தைப் பதிப்பித்தவரும், கர்நாடக நவாபுகளின் சரித்திரத்தைப் பாரசீகத்திலிருந்து மொழிபெயர்த்தவரும் அவரே. ஒருபுறம் வள்ளல் சீதக்காதியின் தமிழ், மற்றொருபுறம் அரபியில் எழுதப்பட்ட போர்க்கால சரித்திரம். இரண்டையும் மூல பாஷையிலேயே படிக்க வல்லவர் எழுதும் ஒரு பக்கத்துக்கும், இரண்டையும் பிறர் எழுதிய சுருக்கத்தில் படித்தவர் எழுதும் ஒரு பக்கத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

அவர் மொழிபெயர்த்த அந்த நூலைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில், மலபார்க் கரையின் பொன்னானியில் வாழ்ந்த ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அதை இயற்றினார். 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக் கடலில் தோன்றியது முதல் 1583 வரை அவர்கள் இழைத்த கொடுமைகளை அது வரிசையாகச் சொல்கிறது: ஹஜ்ஜுக்குப் போகும் கப்பல்கள் தாக்கப்பட்டதையும், பள்ளிவாசல்கள் கொளுத்தப்பட்டதையும், மிளகு வியாபாரம் பறிபோனதையும் சொல்கிறது. நூலின் முதற் பகுதி ஜிஹாதின் கடமையைப் பற்றியது. இஸ்லாம் மலபாரில் பரவிய விதம் இரண்டாவது. மூன்றாவது அந்நாட்டு இந்துக்களின் ஆசாரங்கள். நான்காவதுதான் போர்ச்சுகீசியரின் சரித்திரம். பீஜாப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவுக்கு நூல் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டமைப்பை மாத்திரம் கேட்டவர், இது முஸ்லிம்கள் இந்துக்களுக்கு எதிராக எழுதிக்கொண்ட நூல் என்று முடிவு கட்டிவிடக்கூடும். நூலைப் படித்தவருக்குத் தெரிவது நேர் எதிரானது. ஷெய்கு எந்த அரசருடைய பக்கத்தில் நின்று போர் செய்யும்படி தம் மக்களைத் தூண்டுகிறாரோ, அந்த அரசர் கோழிக்கோட்டுச் சாமூதிரி என்ற இந்து மன்னர். தம் பிரஜைகளாகிய முஸ்லிம்களுக்காகத் தம் பொக்கிஷத்தைச் செலவழித்துப் போராடியவர் அவர் என்று ஷெய்கு புகழ்கிறார். முஸ்லிம் சுல்தான்களோ, பெரிய சேனைகளை வைத்துக்கொண்டும் இந்த அவதியைத் திரும்பிப் பாராமல் இருந்தார்கள் என்று மனம் நொந்து எழுதுகிறார். மார்க்க அறிஞர் ஒருவர், மார்க்கக் கடமையின் பெயராலேயே, வேற்று மதத்து மன்னனோடு சேர்ந்து நிற்கும்படி தம் மக்களுக்குச் சொன்ன நூல் இது. சர்வதேச உறவுகள் என்ற சாஸ்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும், கூட்டணிகள் எவ்வாறு அமைகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பம்பாய்வாசிகளாகிய நமக்கு அந்தச் சரித்திரத்தில் தனியாக ஓர் உரிமையும் உண்டு. போர்ச்சுகீசியரை எதிர்த்து 1570-இல் பீஜாப்பூர் சுல்தான் கோவாவையும், அகமத்நகர் சுல்தான் நம் துறைமுகத்துக்குத் தெற்கே அலிபாக் அருகிலுள்ள சவுலையும் முற்றுகையிட்டார்கள். சாமூதிரி மலபாரில் சாலியம் கோட்டையை வளைத்தார். கோவாவும் சவுலும் விழவில்லை. 1571-இல் சாலியம் மாத்திரம் சாமூதிரியின் வசமாயிற்று. அப்போது மாஹிமும் அதைச் சுற்றிய தீவுகளும் யாருடைய கையில் இருந்தன? 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இவற்றைப் போர்ச்சுகீசியருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். 1661-இல் அவர்கள் தங்கள் இளவரசிக்குச் சீதனமாக இங்கிலாந்து அரசருக்குத் தந்தார்கள். 1668-இல் அவை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தன. பொன்னானி ஷெய்கு தம் நூலை எழுதிய நாட்களில் இந்த மாஹிம் போர்ச்சுகீசியக் கொடியின் கீழ்தான் இருந்தது. அங்கே அடக்கமாகியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி, 1431-இல் காலமானவர், திருக்குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதிய மகான், கொங்கணத்து அறிஞர். அவருடைய உரூஸ் விழாவில் மும்பைப் போலீசார் முதன்முதலாகச் சந்தனம் எடுத்துச் செல்வது இன்றைக்கும் நடக்கும் வழக்கம். தாராவியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த தர்காவின் வாசலில், பொன்னானியும் காயல்பட்டினமும் கொங்கணமும் யேமனும் ஒரே கடலால் பிணைக்கப்பட்டிருந்த சரித்திரம் எழுதப்படக் காத்திருக்கிறது.

தலைப்பில் நான் குறிப்பிட்ட விஷயத்தையே டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து புறப்பட்ட முன்னோடி ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் 1908-இல் பிறந்த முகம்மது ஹமீதுல்லா, உஸ்மானியா சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, 1930-களில் ஜெர்மனியின் பான் நகரில் இஸ்லாமிய சர்வதேசச் சட்டத்தில் நடுநிலைமை என்ற விஷயத்துக்காகவும், பாரிஸின் சொர்போனில் நபிகள் காலத்து ராஜதந்திர ஆவணங்களுக்காகவும் இரண்டு டாக்டர் பட்டங்கள் பெற்றார். 805-இல் காலமான ஷைபானி என்னும் சட்ட அறிஞர், ராஜ்யங்களுக்கிடையிலான போரையும் சமாதானத்தையும் குறித்து இயற்றிய நூலும் அதன் விரிவுரையும் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்தில் 1916-17-இல் அச்சேறியிருந்தன. டச்சு அறிஞர் குரோஷியஸ் அதே பொருளைப் பற்றி எழுதிய பிரசித்தி பெற்ற நூல் 1625-ஆம் ஆண்டுக்குரியது. தம் ஊரில் அச்சான அந்தச் செல்வத்தோடுதான் ஹமீதுல்லா ஐரோப்பாவுக்குப் போனார். 1948-இல் நிஜாமின் தூதுக்குழுவில் ஒருவராக ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் முன் போய் நின்றவர், ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தபின் நாடற்றவராகப் பாரிஸிலேயே தங்கி, அங்கே ஆராய்ச்சியில் ஆயுளைக் கழித்து, 2002-இல் அமெரிக்காவில் காலமானார். நிஜாமுக்காக அவர் வாதாடியதை நான் ஏற்கவில்லை. ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்ததே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயினும் அப்படிப்பட்ட ஒரு பண்டிதரை நாம் இழந்தது நம் சர்வகலாசாலைகளுக்கு நேர்ந்த நஷ்டம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இம்மூவருக்கும் பொதுவாக இருந்தது என்னவென்றால், மூல பாஷையில் தேர்ச்சி, சட்டத்தில் பயிற்சி, கையெழுத்துப் பிரதிகளோடு நீண்ட சகவாசம் ஆகியவையே. பிற்காலத்தில் நாம் செய்தது இவற்றைப் பிரித்ததுதான். 1955-இல் டெல்லியில் சர்வதேசக் கல்விக்கென்று தனிப் பள்ளி தோன்றியது. அது 1970-இல் ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையோடு சேர்ந்தது. அதனால் விளைந்த நன்மைகள் பல. ஆனால் நாடெங்கும் அரபு, பாரசீகத் துறைகள் ஒரு கட்டடத்திலும் அரசியல் துறைகள் மற்றொரு கட்டடத்திலுமாக ஒன்றையொன்று பாராமல் வாழத் தொடங்கின. அரபு கற்றவர் கவிதையோடு நின்றுவிடுகிறார். சர்வதேச உறவுகள் கற்றவர் ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளோடு நின்றுவிடுகிறார். கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரம் இன்று உலகத்து ராஜதந்திரப் பள்ளிகள் பலவற்றிலும் பாடமாகப் பேசப்படுகிறதென்றால், தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியை 1905-இல் ஷாமசாஸ்திரி எடுத்துப் படித்து 1909-இல் பதிப்பித்ததனால்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த லிபியை வாசிக்கத் தெரியாத ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது ஏதோ பண்டிதர்களின் கவலை, சாமானிய ஜனங்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இந்நகரின் சமீப சரித்திரத்தை எண்ணிப் பார்க்கட்டும். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எழுதியது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். 1993 மார்ச் 12-ஆம் தேதி வெடித்த குண்டுகளுக்கு 257 பேர் பலியானார்கள். 2006 ஜூலை 11-ஆம் தேதி மாலை, மாதுங்கா ரோடும் மாஹிமும் உட்பட மேற்கு ரயில் பாதையில் ஏழு இடங்களில் குண்டுகள் வெடித்தன. அந்த வழக்கில் 2015-இல் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரையும் 2025 ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகும், தங்கள் வீட்டு மனிதரைக் கொன்றவர் யார் என்று அறியாமல் நிற்கின்றன. 2008 நவம்பர் 26-ஆம் தேதி கடல் வழியாக வந்த பத்துப் பேர் 166 உயிர்களைக் குடித்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தப் பத்துப் பேரை அனுப்பிய பாகிஸ்தானிய லஷ்கர்-எ-தொய்பா இயக்கம், தன் சொந்தப் பிரசுரங்களில் தன்னைப் பற்றி என்ன எழுதிக்கொள்கிறது என்பதை உருதுவிலேயே படித்து ஆராய்ந்து 2018-இல் ஒரு நூலாக வெளியிட்டவர் கிறிஸ்டீன் ஃபேர் என்ற அமெரிக்கப் பேராசிரியை. நம்மைத் தாக்கியவர்களின் எழுத்தை, உருது தெருத்தெருவாகப் பேசப்படும் நம் நகரத்தில் இருந்துகொண்டு நாம் படித்து எழுதியிருக்க வேண்டாமா? வாஷிங்டனில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பாஷையைக் கற்கும் அவசியம் புலப்பட்டிருக்க, நமக்குப் புலப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை வெளிநாட்டு அறிஞர் எவரும் நமக்காக எழுதித் தரமாட்டார். தாக்க வந்தவர்களில் மாண்ட ஒன்பது பேரின் சடலங்களை மெரின் லைன்ஸில் உள்ள படா கப்ரஸ்தானில் அடக்கம் செய்ய, அதை நிர்வகிக்கும் ஜாமா மஸ்ஜித் டிரஸ்டார் மறுத்துவிட்டார்கள். நிரபராதிகளைக் கொன்றவர்களுக்கு எங்கள் மண்ணில் இடமில்லை என்று அவர்கள் நின்ற உறுதியினால், சடலங்கள் ஓராண்டுக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, 2010 ஜனவரியில் சர்க்காரால் ரகசியமாகப் புதைக்கப்பட்டன. தங்கள் செயல் ஜிஹாது என்று நம்பி வந்தவர்களைக் குறித்து, இந்நகரத்து முஸ்லிம்கள் வாயால் மாத்திரம் அன்றி ஒரு மதக் கிரியையை மறுத்ததன் மூலமாகவே அளித்த தீர்ப்பு அது. சட்டம், மார்க்கம், இரு நாடுகளுக்கிடையே எழுந்த வழக்கு எல்லாம் அந்த ஒரு முடிவில் கலந்திருந்தன. அந்த டிரஸ்டார் எந்த மார்க்க நியாயங்களை எடுத்துப் பேசினார்கள், யார் எதிர்த்தார்கள், யார் உடன்பட்டார்கள் என்பதையெல்லாம் அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே கேட்டு எழுதிவைக்கும் டாக்டர் பட்ட ஆராய்ச்சி ஒன்று எவ்வளவு பிரயோஜனமுள்ளதாக இருக்கும்!

ஆனால் அப்படி ஒரு மாணாக்கர் முன்வந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில் ரிஸ்வான் சாபிர் என்ற மாணாக்கர், தம் ஆராய்ச்சிக்காக அல்-கொய்தாவின் பயிற்சிக் கையேட்டை அமெரிக்க அரசாங்கத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்து வைத்திருந்ததற்காக 2008 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் காவலில் வைக்கப்பட்டார். குற்றம் ஒன்றும் சாட்டப்படாமல் விடுதலையானார். 2011-இல் போலீஸார் அவருக்கு 20,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். பிறகு அவர் டாக்டர் பட்டமும் பெற்று ஆசிரியரானார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பையில் முன்பு கல்லூரி ஆசிரியராக இருந்த வெர்னன் கோன்ஸால்வஸ், வேறொரு வழக்கில், 2018-இல் கைதானார். அவர் வீட்டில் இருந்த புத்தகங்களும் பிரசுரங்களும் அவருக்கு விரோதமான சாட்சியங்களாகக் காட்டப்பட்டன. ஏறத்தாழ ஐந்து வருஷங்களுக்குப் பின், 2023 ஜூலை 28-ஆம் தேதி அவருக்கு ஜாமீன் அளித்த சுப்ரீம் கோர்ட், வன்முறையைத் தூண்டும் எழுத்தாகவே இருந்தாலும் அதை ஒருவர் வைத்திருப்பது மாத்திரமே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் பயங்கரவாதக் குற்றம் ஆகிவிடாது என்று தெளிவாகக் கூறியது. இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் ஆராய்ச்சி விதிகளின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு வைக்க வேண்டும் என்பேன். வன்முறையைப் போதிக்கும் துண்டுப்பிரசுரத்தைப் படிக்காமல் அதை மறுத்து எழுதுவது எவருக்கும் சாத்தியமில்லை; அதைப் படிப்பவரைச் சிறையில் வைத்தால், எழுதியவர் மாத்திரமே அதைப் படித்தவராக மிஞ்சுவார்.

சந்தேகத்துக்கு ஆளாகும் ஆராய்ச்சியாளருக்காகப் பரிந்து பேசும் நான், அவரிடம் கண்டிப்பாகவும் பேச விரும்புகிறேன். அரபு தெரியாமல் ஜிஹாதைப் பற்றியும், உருது தெரியாமல் பாகிஸ்தானைப் பற்றியும், பாரசீகம் தெரியாமல் மொகலாயரைப் பற்றியும் ஆராய்ச்சி எழுதிப் பட்டம் பெற்றுவிடலாம் என்று எண்ணுபவர், தம் மதம் எதுவாயினும், தம் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், நம்முடைய நம்பிக்கைக்கு உரியவர் ஆகமாட்டார். இரண்டு மூன்று வருஷங்கள் பாஷைக்கென்றே செலவாகும். அதற்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது சர்வகலாசாலையின் பொறுப்பு. தமிழ் மாணாக்கருக்கோ கைவசம் ஏற்கெனவே ஒரு பெரும் பிதிரார்ஜிதம் இருக்கிறது. பத்ரு யுத்தம் முதலான நிகழ்ச்சிகளை உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் தமிழ்க் காவிய மரபிலேயே பாடியிருக்கிறார். படைப்போர் என்றே ஒரு பிரபந்த வகை இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் உண்டு. இவற்றை அரசியல் சிந்தனையின் மூலநூல்களாக எடுத்துக்கொண்டு சர்வதேச உறவுத் துறையில் ஆராய முற்படுபவர் ஒருவர் வந்தால், அவர் அத்துறைக்கே புதிய பாதை வகுத்தவர் ஆவார்.

அந்த மாணாக்கர் தாராவியிலிருந்து வரக்கூடும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்களும், அதே ஜில்லாவின் மற்றச் சாதியினரும் குடியேறி வளர்த்த இடம் அது. அங்குள்ள படா மஸ்ஜித் 1887-ஆம் ஆண்டுக்குரியது என்பார்கள். தமிழும் உருதுவும் மராத்தியும் ஹிந்தியும் ஒரே சந்தில் பேசப்படுவதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, நான்கு பாஷைகள் கற்பது டெல்லியில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளையைவிட எளிதில் கைகூடும். கலவரத்துக்குப் பிறகு அங்கே சமாதானப் பணி செய்த பாவ் கோர்டே, வகார் கான் என்ற இரு நண்பர்களைப் பற்றி, செம்பூரை அடுத்த தேவனாரில் இருக்கும் டாட்டா சமூக விஞ்ஞான ஸ்தாபனத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-இல் ‘நாத்தா’ என்ற ஆவணப் படத்தை எடுத்தார்கள். ஒரு சர்வகலாசாலை தன் அண்டை வீட்டாரைத் தேடிப் போய் அவர்களிடம் கற்றுக்கொண்டதற்கு அது நல்ல முன்மாதிரி. யுத்தத்தை ஆராய்பவர், யுத்தம் மூளாமல் தடுத்தவர்களையும் ஆராய வேண்டும். அவர்களுடைய விலாசம் தாராவியில் கிடைக்கும்.

ஆகையால் மும்பை சர்வகலாசாலையும் தேவனார் ஸ்தாபனமும் சேர்ந்து, அரபும் பாரசீகமும் சர்வதேசச் சட்டமும் அரசியலும் ஒருங்கே கற்பிக்கும் ஆராய்ச்சிப் பீடம் ஒன்றை ஃபைஸியின் பெயரால் கலீனா வளாகத்தில் நிறுவ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதிகளே அதன் முதல் பாடப்புத்தகங்களாக இருக்கட்டும். அங்கே சேரும் மாணாக்கர் தம் ஆராய்ச்சிக்கு வைத்திருக்கும் எந்த நூலுக்கும் சர்வகலாசாலையே பொறுப்பேற்று அத்தாட்சி எழுதித் தர வேண்டும். அந்த அத்தாட்சியைப் போலீஸ் கமிஷனர் மதித்து நடக்க வேண்டும். 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்த சமூகத்தின் வாரிசுகளாகிய நம் தமிழ்ப் பெரியோர்களிடம் நான் கேட்பது, தாராவியிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம் என்றுகூடப் பாராமல், தகுதியை மாத்திரம் பார்த்து, அரபு கற்கும் மூன்று வருஷங்களுக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்த வேண்டும் என்பதே. அதற்கு வேண்டிய பொருள் மாதுங்காவிலும் செம்பூரிலும் நிச்சயமாக இருக்கிறது. வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.